எந்தத் தெரு தம்பி?

ஜூன், ஜூலை மாதங்களில் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்துகளைப் பார்த்தாலே தெரியும். கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள், ஐ.டி.ஐ. முடித்துக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், நர்சிங் படித்துவிட்டு மருத்துவமனையில் சேரப் போகும் பெண்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கப் போகிறவர்கள் என்று பேருந்து நிறைய இளம் பிள்ளைகள். நம் குடியிருப்புகளிலிருந்து போகிறவர்களும் அவர்களில் பலர். மாநகரத்தில் குடியேறுவதில் அவரவர் குடும்பத்துக்கு அவர்களே முதல் ஆளாக இருப்பார்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் எல்லாருக்கும் ஒரே கவலைதான். தங்க இடம் வேண்டும். கையில் உள்ள காசுக்குள் வேண்டும்.

சென்னையில் வாடகை அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. அதைச் சொல்ல இந்தப் பத்தி தேவையில்லை. அதே தெருவில் அதே மாதிரி வீட்டுக்கு நம் பிள்ளைகள் கொடுக்கும் விலை மற்றவர்கள் கொடுப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது. எந்த ரசீதிலும் வராத அந்தக் கூடுதல் விலையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பணக் கணக்கு

சென்னையில் அட்வான்ஸ் என்றால் பத்து மாத வாடகை என்பது நெடுநாள் வழக்கம். மாதம் 9,000 ரூபாய் வாடகையில் புறநகரில் ஒரு சிறிய வீடு அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 90,000. முதல் மாத வாடகை 9,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, இன்னொரு 9,000. சாவி கைக்கு வருவதற்குள் 1,08,000 ரூபாய் போய்விடுகிறது. பாத்திரம், அடுப்பு, பாய் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்தத் தொகையை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் குறையாமல் வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தாலும் ஆண்டுக்கு 33,600 ரூபாய். ஒரு தாய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏரியிலும் வாய்க்காலிலும் மண் வெட்டிய கூலியை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்து வைத்தால்தான் மகனுக்கு அந்தச் சாவி கிடைக்கும். மூன்று பேர் சேர்ந்து எடுத்தாலும் தலைக்கு 36,000. அதுவும் ஓராண்டுக் கூலியைத் தாண்டுகிறது.

கல்வி உதவித்தொகை கைகொடுக்காதா என்று கேட்கலாம். 2021இல் திருத்தப்பட்ட போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில், பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்குப் பராமரிப்புப் படி, விடுதியில் தங்கும் மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. மாதக் கணக்கில் 500, 250. சென்னையில் ஒரு படுக்கைக்குக்கூட இது போதாது.

இந்தக் கணக்கு ஏழைகள் எல்லாருக்கும் பொதுவானது. நமக்கு மட்டுமான கணக்கு இதற்குப் பிறகு தொடங்குகிறது.

பிறகு ஒரு கேள்வி

‘டூ-லெட்’ போர்டைப் பார்த்து நம் பிள்ளை கதவைத் தட்டுகிறான். வாடகை சொல்கிறார்கள், சரி என்கிறான். பேச்சு இப்படிப் போகிறது.

“சொந்த ஊர் எது தம்பி?”

“விழுப்புரம் பக்கம் சார்.”

“விழுப்புரத்துல எங்க?”

ஊர்ப் பெயரைச் சொல்கிறான்.

“அங்க எந்தத் தெரு?”

தெருப் பெயரைத் தெரிந்துகொண்டு வீட்டுக்காரர் கடிதம் போடப் போவதில்லை. எதற்குக் கேட்கிறார் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவனுக்கும் தெரியும். சோழர் கால ஊர்களில் தொடங்கி, தமிழ்நாட்டில் தெருவின் பெயர் சாதியின் பெயராகவும் இருந்துவருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நத்தத்தை ஒரு பக்கமும் பறைச்சேரியை இன்னொரு பக்கமும் தனித்தனியே குறித்து வைத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்தும் அதே கேள்வியை வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று கேட்கிறார்.

எல்லாரும் தெருவைக் கேட்பதில்லை. “நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” என்று சிலர் கேட்பார்கள். “அப்பா என்ன பண்றார்?” என்று சிலர். கிறிஸ்தவப் பெயராக இருந்தால் “எந்தச் சர்ச்?” என்பார்கள். குலதெய்வம் எது என்று கேட்பவர்களும் உண்டு. எதையுமே கேட்காமல் ஆதார் நகலை வாங்கிப் பார்ப்பவர்களும் உண்டு. வாடகைக்கு வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் நம் ஆதாரில் முகவரிக்கு நடுவே ‘காலனி’ என்ற ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கும் அட்டைவரை அது வந்து சேர வேண்டும்.

பதிலைக் கேட்ட பிறகு யாரும் “உனக்கு வீடு இல்லை” என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. “நாளைக்குச் சொல்றேன் தம்பி”, “சொந்தக்காரங்க வர்றாங்க”, “பையன் வேற ஒருத்தர்கிட்ட வார்த்தை கொடுத்துட்டான்” என்பார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனால் போர்டு அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மறுப்புக்கு ஆகும் செலவு

ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு விலை உண்டு. வீடு பார்க்க ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். அதுவரை லாட்ஜிலோ நண்பன் அறையிலோ ஒண்டியிருக்க வேண்டும். நல்ல தெருவில் நாலு வீடு இல்லை என்றானதும் அதற்கு அடுத்த தெரு, அதற்கும் அடுத்த நகர் என்று தள்ளிப் போக வேண்டும். தள்ளிப் போகப் போகப் பயணச் செலவு ஏறும். தினம் இரண்டு மூன்று மணி நேரம் வண்டியிலேயே கழியும். படிக்கிற பிள்ளைக்கு அது படிப்பு நேரம். இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணுக்கு அது பயம்.

கடைசியில் அலுத்துப்போய், கேள்வி கேட்காத வீடு எதுவோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வி கேட்காத அந்த வீட்டில் பெரும்பாலும் தண்ணீர் வராது, ஜன்னல் இருக்காது, எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. கரண்டுக்கு யூனிட் என்ன விலை என்பதை வீட்டுக்காரரே வைத்துக்கொள்வார். “இதை விட்டால் இவனுக்கு வேறு வீடு கிடைக்காது” என்று தெரிந்தவரிடம் பேரம் பேச முடியுமா? நாம் கொடுக்கும் கூடுதல் விலை இதுதான். வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையோடு சேர்த்து, சாதிக்கும் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீடு கிடைத்த பிறகும் அந்த வாடகை நிற்பதில்லை. கருவாடு வறுத்தால் மாடியிலிருந்து குரல் வருமோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவரிடம் “இங்கே யாராவது பேச்சுக் கொடுத்தால் எதுவும் சொல்லாதீங்க தாத்தா” என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து எடுத்த வீட்டில் ஒரு படத்துக்கு ஆணி அடிக்க முடியவில்லை.

பரோடாவில் நடந்தது

இது படிப்பில்லாத குறையால் வருவது, நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்க்கையே இதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டனிலும் படித்துவிட்டு, 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தார். படிக்க உதவித்தொகை கொடுத்தவரே அந்தச் சமஸ்தானத்தின் மன்னர்தான். வேலை இருந்தது; தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் இடம் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களிலேயே விஷயம் வெளியே தெரிந்து, தடியோடு ஒரு கூட்டம் வாசலுக்கு வந்தது. அன்று மாலைக்குள் காலி செய் என்றது. இந்து நண்பர் ஒருவரையும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரையும் கேட்டுப் பார்த்தார். இரண்டு இடத்திலும் பதில் சாதகமாக இல்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்து இரவு ரயிலுக்குக் காத்திருந்து பம்பாய்க்குத் திரும்பினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் தமிழில் அறிந்திருக்கும் தன் நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியாது. பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி வசதியுள்ளவர்கள், வேறு வேறு அடையாளங்களோடு வீடு கேட்டார்கள். உயர்சாதி அடையாளத்தோடு கேட்டவர்களுக்கு எளிதாகத் திறந்த கதவு, தலித் அடையாளத்தோடு கேட்டவர்களுக்கும் முஸ்லிம் அடையாளத்தோடு கேட்டவர்களுக்கும் அப்படித் திறக்கவில்லை. சிலருக்கு நேரடி மறுப்பு. சிலருக்கு வீடு உண்டு, ஆனால் கூடுதல் நிபந்தனைகளோடு. சென்னையில் நம் பிள்ளைகள் சொல்லும் அனுபவமும் இதுவே.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி பார்க்கக்கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடைவெளியைத் தொட்டிருக்கிறது. எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது அதன் 4ஆவது பிரிவு. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை சிறையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு என்கிறது 12ஆவது பிரிவு. குடியிருக்கும் வீட்டைவிட்டு நம்மை வெளியேறச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் வருகிறது.

வாடகைக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும், வாடகைதாரருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. அந்த ‘வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால்’ என்ற சந்து வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. சாதியைக் கேட்டு வீடு மறுக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

சட்டம் மாறும்வரை பிள்ளைகள் பூங்காவில் உட்கார்ந்திருக்க முடியாது. இந்த ஆண்டே உதவக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

கல்லூரியில் சேர்கிறவர்கள் முதலில் அரசு விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூலை முதல் இவை சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியிருக்கின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியில் தங்கிப் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். விடுதியில் குறைகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் போராடவும் வேண்டும். ஆனால் அங்கே யாரும் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் ஊரிலேயே மே மாதத்துக்குள் வாங்கி வைத்துவிட்டால், விண்ணப்பத் தேதி தவறிப்போகாது.

வேலைக்குப் போகும் பெண்கள் அரசின் ‘தோழி’ விடுதிகளைப் பார்க்கலாம். தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு ஆகிய இடங்களில் இருக்கின்றன. தனியார் விடுதி என்றால் அது 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று கேட்டுச் சான்றைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளில் சிலவற்றில் தங்குமிடமும் சேர்ந்தே வரும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடுதான் என்றானால், வாடகையை மட்டும் பார்க்காமல் வாடகையையும் பயணச் செலவையும் கூட்டிப் பாருங்கள். செங்கல்பட்டு–தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் தடத்தில் நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்தால் சீசன் டிக்கெட்டில் செலவு அடங்கும். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், பெண்கள் அந்தப் பேருந்து அடிக்கடி வரும் தடமாகப் பார்த்து எடுக்கலாம். மூன்று பேராகச் சேர்ந்து எடுத்தால் மூன்று பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் எடுத்து மற்றவர்கள் ஒண்டியிருந்தால், அவர் காலி செய்யும் நாளில் மற்ற இருவருக்கும் பிடிமானம் இருக்காது.

அட்வான்ஸை முடிந்தவரை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ கொடுங்கள். ரொக்கம் என்றால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். கரண்டு யூனிட் விலை, தண்ணீர்க் காசு, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கப் பிடிக்கும் தொகை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். காலி செய்கிறபோது நம் பணம் கரைவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

சாதியைச் சொல்லி மறுத்தாலோ இழிவாகப் பேசினாலோ நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். குறுஞ்செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கும் எழுதலாம். எல்லாப் புகாரும் வழக்காகிவிடாது. ஆனால் புகாரே இல்லாத இடத்தில் அப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்று அரசு சொல்லிவிடும்.

மறைப்பதா, சொல்வதா?

பிள்ளைகள் நம்மிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். வேறு சாதிப் பெயரைச் சொல்லி வீடு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. இரவு எட்டு மணிக்குப் பெட்டியோடு தெருவில் நிற்கும் பெண்ணிடம் கொள்கை பேசுவது நியாயமாகாது. பாபாசாகேபே வேறு பெயரில் தங்க நேர்ந்த நாடு இது. வெட்கப்பட வேண்டியவர் கேள்வி கேட்டவர்.

ஆனால் மறைத்துப் பெற்ற வீட்டில் பயமும் கூடவே குடியிருக்கும் என்பதையும் பார்க்கிறோம். அதனால் தனித்தனியாகத் தட்டிப் பார்ப்பதைவிட, கூட்டாகப் போவதற்கு வழி செய்வதே நல்லது. நம் ஊர்களிலிருந்து போய் ஆசிரியராக, வங்கி ஊழியராக, அரசு ஊழியராகச் சென்னையில் சொந்த வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விடுகிறவர்களும் அவர்களில் உண்டு. அந்த அண்ணன்களையும் அக்காக்களையும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டு ‘டூ-லெட்’ போர்டு தெருவில் தொங்கும் முன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு போன் போடுங்கள். பத்து மாதத்துக்குப் பதில் மூன்று மாத அட்வான்ஸ் வாங்குங்கள். சட்டம் சொல்லும் அளவும் அதுதான்.

அரசிடம் கேட்பதும் அதிகமில்லை. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், சாதி, மதம் கேட்டு வீடு மறுப்பது குற்றம் என்று ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். அட்வான்ஸ் உச்சவரம்புக்கு விலக்குத் தரும் சந்தை அடைக்க வேண்டும். வேலைக்கு வரும் கிராமத்து இளைஞர்களுக்குக் குறைந்த வாடகை விடுதிகள் வேண்டும். முடியாத காரியம் இல்லை. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்றால் கட்ட முடிகிறது. படிக்கிற பிள்ளைக்கும் கூலிக்கு வருகிறவனுக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும்.

ஊரில் இருக்கிற நாம் அதுவரை ஒன்று செய்யலாம். சென்னையில் இருக்கும் நம்மூர்க்காரர்களின் பெயர், இருக்கும் பகுதி, போன் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு மன்றத்திலோ படிப்பகத்திலோ அந்த நோட்டு இருக்கட்டும். யாரிடம் ஒரு வாரம் தங்கலாம், யார் வீட்டுக்காரர் நல்லவர், எந்த வீட்டில் என்ன கேட்டார்கள் என்பதையும் போய்வந்தவர்கள் அதில் எழுதி வைக்கட்டும். அடுத்த ஜூனில் பெட்டியைக் கட்டும் பிள்ளை முதலில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.